புத்தி சொல்ல மாட்டேன் என்ற ஷர்மிளா

ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கி என் ஃபேக்டரிக்கு வழி கேட்டால் ஆட்டோக்காரர்கள் தெருப் பெயர் கேட்க மாட்டார்கள். "செங்கல்வராயன் கம்பெனியா, ஏறுங்க" என்பார்கள். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டில் பிறந்து, ஐந்தாவது வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஷூவின் மேல்பாகம் தைக்கிற தொழிலுக்கு வந்தவன் நான். இரண்டு மெஷினில் ஆரம்பித்தேன். இன்றைக்கு எண்பத்து நாலு பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். அந்த எண்பத்து நாலு பேருக்கும் கல்யாணம், காதுகுத்து, மாமியார் சண்டை, பிள்ளை படிப்பு என்று எல்லாவற்றுக்கும் புத்தி சொல்லிவந்தவன் நான் ஒருவன்தான். என் பேச்சைக் கேட்டவர்கள் நன்றாக இருக்கிறார்கள். கேட்காதவர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அது அவர்கள் அதிர்ஷ்டம்.

அப்படிப்பட்ட என் இடத்தில் ஒரு கவுன்சிலர் இருந்தே ஆக வேண்டும் என்று, எங்களிடம் சரக்கு எடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனி இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்டிஷன் போட்டது. வாரத்தில் இரண்டு நாளாவது ஒருவர் வந்து தொழிலாளிகளின் மனக்குறையைக் கேட்க வேண்டுமாம். என் தம்பி மகன் நவநீதன்தான் எனக்கு மேனேஜர். அவன் வேலூரில் ஒரு டிரஸ்ட்டில் பேசி ஆளைப் பிடித்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பேரணாம்பட்டு பஸ்ஸில் வந்து இறங்கினார் ஷர்மிளா. முப்பத்து நாலு வயது, பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப் பை. நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"எத்தினி வருஷம்மா இந்த வேலையில?"

"ஒம்போது வருஷம் சார்."

"ஒம்போது வருஷத்துல எத்தினி பேருக்குப் புத்தி சொல்லிகிற?"

"யாருக்கும் சொன்னதில்ல சார். சொல்ல மாட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமையல்காரர் ஒருவர் வந்து அடுப்பு பற்ற வைக்க மாட்டேன் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

"சரி. ஒருத்தி வந்து, புருஷன் குடிக்கிறான்னு சொல்றா. இன்னா பண்ணுவ?"

"கேப்பேன்."

"கேட்டுட்டு?"

"அவங்களுக்கு இன்னா தோணுதுன்னு கேப்பேன்."

"அவளுக்கு ஒண்ணுமே தோணலன்னா?"

"ஒண்ணும் தோணாம இருக்கறது எப்படி இருக்குதுன்னு கேப்பேன்."

"நவநீதா," என்று கூப்பிட்டேன், "இந்தம்மாவுக்கு டீ குடு. எனக்கும் ஒண்ணு குடு. தலய வலிக்குது."

ஆனாலும் செய்வதைத் திருந்தச் செய்கிறவன் நான். தைக்கிற ஹாலுக்கு நட்டநடுவில் கண்ணாடி வைத்து ஓர் அறை கட்டினேன். ஏ.சி. போட்டேன். 'கவுன்சிலிங் ரூம்' என்று போர்டு மாட்டினேன். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். பெரிய கம்பெனிக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நடுவில் வைத்தேன்.

மூன்று வாரம் ஓர் ஆள்கூட உள்ளே போகவில்லை. நவநீதன் மட்டும் ஃபோன் சார்ஜ் போடப் போனான்.

காரணம் எனக்குப் பிடிபடவில்லை. ஷர்மிளாதான் சொன்னார். எங்கள் பக்கத்து ஃபேக்டரிகளில் யாராவது சொல்லாமல் மூன்று நாள் லீவு போட்டால் மெமோ கொடுப்போம்; மெமோவுக்கு முன்னால் ஆபீஸில் நிற்க வைத்து அரை மணி நேரம் திட்டுவோம். அந்தத் திட்டுக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர்தான் கவுன்சிலிங். அதை ஏ.சி. போட்டுக் கொடுத்தாலும் யார் வருவார்கள்?

"இந்த ரூம் வேணாம் சார்," என்றார்.

"ஏன், ஏ.சி. கம்மியா இருக்குதா?"

"ஏ.சி. ஜாஸ்தியாத்தான் இருக்குது. ஆளுங்கதான் கம்மி. உள்ள ஒருத்தர் வந்தா எண்பத்து மூணு பேரு பாக்கறாங்க. வெளிய போனதும் 'இன்னாடி, மெமோவா?'ம்பாங்க."

அவர் கேட்டது நூல் ஸ்டோருக்குப் பக்கத்தில் கிடந்த பழைய மேஜையை. தைத்து முடித்த மேல்பாகங்களில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலைச் சின்னக் கத்திரியால் வெட்டுகிற மேஜை அது. பேச வேண்டும் என்று நினைக்கிறவர்கள் பத்துப் பதினைந்து பீஸை எடுத்துக்கொண்டு அங்கே வந்து உட்காரட்டும். தானும் கூட உட்கார்ந்து நூல் வெட்டுவதாகச் சொன்னார். பார்க்கிறவர்களுக்கு யார் நூல் வெட்ட வந்தவர், யார் பேச வந்தவர் என்று தெரியாது.

"கை வேல செஞ்சிக்கினு இருந்தா கண்ணு கீழ இருக்கும் சார். கண்ணு கீழ இருந்தா வாய் தானா திறக்கும்."

"இத எந்த காலேஜுல சொல்லிக் குடுத்தாங்க?"

"பேரணாம்பட்டுல, எங்க சந்துல."

மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை என் காரில் அவரை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டேன். அன்றைக்கு பஸ் ஒரு மணி நேரம் லேட். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் கதை முழுவதையும் கேட்டுவிட்டேன். மற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வாங்க முடியாது. தன்னைப் பற்றி ஒளிக்காமல் சொல்வார்.

அப்பா இன்பராஜ் தோல் பதனிடுகிற டேனரியில் டிரம் ஓட்டுகிறவர். அம்மா செண்பகம் பீடி சுற்றுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஷர்மிளாவும் மடியில் முறத்தோடு உட்கார வேண்டியதுதான். இலையை வெட்டி, தூள் வைத்து, சுற்றி, நூல் கட்ட வேண்டும். சந்தில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து உட்காருவார்கள். எல்லார் கண்ணும் அவரவர் முறத்தில் இருக்கும். அப்போது ஒருத்தி, "நேத்தும் அடிச்சான்" என்பாள். யாரும் நிமிர மாட்டார்கள். நிமிர்ந்தால் சொன்னவள் நிறுத்திவிடுவாள் என்று எல்லாருக்கும் தெரியும். விரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அவள் மீதியையும் சொல்லிவிடுவாள்.

பன்னிரண்டாவது முடித்ததும் ஷர்மிளாவுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு நர்ஸ் சீட் கிடைத்தால் தெருவே மிட்டாய் கேட்கும். இன்பராஜ் வாங்கிக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் பெண் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டது. போதகர் வந்து ஜெபம் பண்ணினார். மாமா வந்து கத்தினார். பள்ளிக்கூட டீச்சர் வந்து, ரத்தம் பார்த்துப் பயப்படக் கூடாது என்று விளக்கினார். ரத்தத்துக்கு இந்தப் பெண் பயப்படவே இல்லை. அதைச் சொல்லத்தான் யாரும் இடம் கொடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு புஷ்ரா மட்டும் புத்தி சொல்லவில்லை. ஷர்மிளாவைவிடப் பத்து வயது மூத்தவர். அவர்களில் அக்காவை ஆபா என்பார்கள். ஷர்மிளாவும் அப்படித்தான் கூப்பிடுவார். முறத்தை எடுத்துக்கொண்டு வந்து புஷ்ரா ஆபா பக்கத்தில் உட்காருவார். நன்றாகத் தமிழ் பேசுகிறவர்தான்; ஆனால் ஒரு வார்த்தை மட்டும் உருதுவில் வரும்: "ஃபிர்?" அப்புறம் என்று அர்த்தம். இந்தப் பெண் ஒரு வரி சொல்லி நிறுத்தினால் "ஃபிர்?" என்பார். அழுதாலும், கொஞ்சம் பொறுத்து, அதே "ஃபிர்?"

மூன்று வாரம் இப்படியே போனது. மூன்றாவது வாரத்தில்தான் ஷர்மிளா வாயிலிருந்து உண்மை வந்தது. படுக்கை விரிப்பு மாற்றப் போகிற இடத்தில் நோயாளியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிடுவார். தினமும் திட்டு. பேசியது தப்பு என்றால் எனக்கு இந்த வேலை வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.

"அன்னிக்கி புஷ்ரா ஆபா இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல சார். ஒரு பீடியோட முனைய மடக்கி மூடி வச்சாங்க. நான் சொன்னது என் காதுலயே வுழுந்துச்சு. அட, எனக்குப் பேசறதுதானே புடிச்சிருக்குது, அதுக்கும் ஒரு படிப்பு இருக்குமேன்னு தோணுச்சு."

அந்தப் படிப்பு இருந்தது. பகலில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் டிகிரியும், மேல்படிப்பும் முடித்தார். வந்த ஆளை நடுவில் வைத்து நடத்துகிற முறை என்று அதற்கு அவர்கள் படிப்பில் ஒரு பெயர் இருக்கிறதாம். வருகிறவருக்குத் தன் வாழ்க்கையைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரியும். நாம் மதித்துக் கேட்டால், பொய்யில்லாமல் கூட இருந்தால், வழியை அவரே கண்டுபிடிப்பார். இவ்வளவுதான். "இத நான் புஷ்ரா ஆபாகிட்ட போய்ச் சொன்னேன் சார். 'இதுக்கா ரெண்டு வருஷம் படிச்ச?'ன்னு சிரிச்சாங்க."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மேஜை மாறிய பிறகு செவ்வாயும் வெள்ளியும் என் ஃபேக்டரியில் நூல் நீட்டிக்கொண்டிருக்கிற பீஸ் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது மனோரமா விஷயத்துக்கு வருகிறேன்.

மனோரமா என்னிடம் பதினாறு வருஷமாகத் தைக்கிறவள். ஷூவின் முனை வளைவில் அவள் போடுகிற தையல் மாதிரி ஆம்பூரில் இன்னொருத்தி போட முடியாது. அவளை வேலைக்கு எடுத்தவன் நான். இந்தப் பொங்கலுக்கு அவளை சூப்பர்வைசர் ஆக்கினேன். மாலை போட்டு, எல்லாருக்கும் லட்டு கொடுத்து, பச்சை ஏப்ரனைக் கழற்றி நீலக் கோட்டை என் கையாலேயே மாட்டிவிட்டேன். நானே அழுதுவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து என் ஆபீஸ் மேஜையில் அவள் லெட்டர் ஒன்று கிடக்கிறது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்கிறாளாம். விசாரித்தால் வாணியம்பாடிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு, சூப்பர்வைசராகக்கூட இல்லை, சாதாரண மெஷின்காரியாகப் போகிறாள்.

நவநீதன் பேசிப் பார்த்தான். நான் ஒரு மணி நேரம் பேசினேன். இரண்டு மெஷினில் ஆரம்பித்த கதையை முதலிலிருந்து சொன்னேன். "பயப்படாத. கொஞ்ச நாளுல பழகிடும்" என்றேன். "சரிங்க மொதலாளி" என்றாள். லெட்டரை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. பதினாறு வருஷத்து மனுஷி போனால் எனக்கு ஒரு கை போன மாதிரி. ஷர்மிளாவைக் கூப்பிட்டேன்.

"மனோரமாவ அனுப்பறேன். கவுன்சிலிங் குடுத்து நிறுத்தி வை."

"அவங்களா வந்தா பேசறேன் சார். நிறுத்தி வைக்கறது என் வேல இல்ல."

"ஒன் வேலதான் இன்னா? அதயாவது சொல்லிடு."

சிரித்துவிட்டு நூல் மேஜைக்குப் போய்விட்டார். நான் மனோரமாவை அனுப்பிவிட்டேன். கடைசி வாரத்துச் செவ்வாய்க்கிழமை அது.

மனோரமா மேஜைக்குப் போனதும் நான் நூல் ஸ்டோருக்குள் போனேன். எந்தக் கலர் நூல் தீர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். என் ஸ்டோர், நான் போகக் கூடாதா?

"ஒங்கள அனுப்பி வச்சாங்க. நீங்களா வர்ல. எந்திரிச்சுப் போணும்னா போலாம், நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்று ஷர்மிளா சொல்வது கேட்டது.

"இங்கயே இருக்கறேன் மேடம். லைனுக்குப் போனா ஆளாளுக்குப் பாப்பாங்க."

"இருங்க."

அதற்குப் பிறகு இருபது நிமிஷம் கத்திரிச் சத்தம் மட்டும்தான். எனக்குக் கால் மரத்துப்போனது. கடைசியில் மனோரமாவே ஆரம்பித்தாள்.

"நீங்க ஒண்ணுமே கேக்க மாட்டீங்களா?"

"ஒங்களுக்குப் பேசணும்னு இருந்தா கேக்கறேன்."

"ஏன் போறன்னு எல்லாரும் கேட்டாங்க மேடம். கேட்டுட்டு, பயம், வூட்டுக்காரர் தொல்லன்னு பதிலயும் அவங்களே சொல்லிட்டாங்க."

"நீங்க இன்னா சொல்லுவீங்கன்னு யாரும் நின்னு கேக்கல."

அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பையில் ஃபோன் முருகன் பாட்டு பாடியது. சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாக வைத்திருப்பது என் வழக்கம்.

ஷர்மிளா தடுப்பைச் சுற்றி வந்து நின்றார். என்னிடம் பேசவில்லை, முதலில் மனோரமாவைப் பார்த்தார். "மன்னிச்சுக்கோங்க. இது என் தப்பு. இந்தப் பக்கம் யாரும் இல்லன்னு பாத்துட்டு ஒக்காந்திருக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பி, "சார், வெளிய போங்க" என்றார்.

என் ஃபேக்டரியில், நான் கட்டின கூரைக்கு அடியில், என்னை வெளியே போகச் சொன்ன முதல் ஆள். நான் வாயைத் திறப்பதற்குள் மனோரமா சிரித்தாள். மூன்று மாதமாக அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

"இருக்கட்டும் மேடம். இவ்ளோ கேட்டாரு, மீதியும் கேக்கட்டும். ஆனா ஒரு வார்த்த பேசக் கூடாது."

"நெசமாவா? எனக்காகவோ அவருக்காகவோ சொல்லாதீங்க. வேணாம்னா இன்னொரு நாள் பேசலாம்."

"நெசமாத்தான்."

ஷர்மிளா ஒரு கத்திரியை என் பக்கம் தள்ளினார். "பேசாம இருக்க முடியுமா சார்?"

முடியும் என்று தலையை ஆட்டினேன். நான் எத்தனையோ கஷ்டமான வேலை செய்திருக்கிறேன். அதற்கப்புறம் கழிந்த நாற்பது நிமிஷம் அத்தனையையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

"எங்க சாப்பாட்டு வட்டத்துல யாரும் தன் டப்பாவத் தானே திறக்க மாட்டோம் மேடம்," என்றாள் மனோரமா, நூலை வெட்டிக்கொண்டே. "பக்கத்துல இருக்கறவதான் திறப்பா. அஃப்ஷா வூட்டுத் தால்சாவ நான் திறப்பேன், என் கொழம்ப அவ திறப்பா. கோட்டு போட்ட அன்னிக்கி மத்தியானம் போய் என் எடத்துல ஒக்காந்தேன். அஃப்ஷா எந்திரிச்சு நின்னுட்டா. பதினோரு வருஷம் பக்கத்து மெஷின். என் புள்ளய மொத மொத தூக்கினவ. 'வாங்க மேடம்'ங்கறா. கிண்டல்னா கூட ஒரு அடி போட்டிருப்பேன். நெசமா மரியாதயா சொல்றா."

"ஒங்க டப்பாவ யாரும் திறக்கல."

"யாரும் திறக்கல. இப்ப நவநீதன் சாரு எதுக்க ஒக்காந்து சாப்புடறேன். அவரு ஃபோனப் பாத்துக்கினே சாப்புடுவாரு. என் கொழம்ப நானே தின்னு நாக்கு செத்துப்போச்சு. இத எப்பிடி லெட்டர்ல எழுதறது? 'கொழம்பு மாத்த ஆளில்ல, அதனால ராஜினாமா'ன்னா சிரிக்க மாட்டாங்களா?"

நாளைக்கே எல்லாரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று நோட்டீஸ் போட்டுவிடுகிறேன் என்று சொல்ல என் நாக்கு மேலே எழும்பியது. ஷர்மிளா என்னைப் பார்க்காமலே கத்திரியால் மேஜையில் ஒரு தட்டு தட்டினார். விழுங்கிக்கொண்டேன்.

"கோட்டுதான் சங்கடம். வேல சங்கடம் இல்ல" என்றார் அவளிடம், மெதுவாக.

மனோரமா கையை நிறுத்தினாள். "ஆமா மேடம். நான் வேலய வுடணும்னு நெனைக்கவேயில்ல. யாருக்கும் என்னத் தெரியாத எடத்துல போய்ப் பச்ச ஏப்ரன் மாட்டிக்கலாம்னுதான். இங்கயே கழட்டினா மாமியா வூட்டுல 'எறக்கிட்டாங்க'ம்பாங்க. லேட்டா வர்றவங்க பேரு எழுதற நோட்டும் என்கிட்டதான். அஃப்ஷா பேர நான் எப்பிடி எழுதுவேன்? புதுப் பொண்ணுங்களுக்கு வளைவுத் தையல் சொல்லிக் குடுக்கறது மட்டும் நல்லா இருந்துச்சு."

"அதச் சொல்றப்ப ஒங்க மொகமே வேறயா இருக்குது."

"இருக்குதா?" என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எனக்கு ஐந்து யோசனை தயாராக இருந்தது. ஐந்தும் நல்ல யோசனை. ஷர்மிளா ஒன்றுகூடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிப்பதாகச் சொல்லி மனோரமா எழுந்து போனாள்.

"அவ வேலய வுட்டுப் போய்ட்டா இன்னா பண்றது?" என்று கேட்டேன்.

"போறதுதான் அவங்களுக்குச் சரின்னா போகட்டும் சார்."

"நீ யார் பக்கம்மா?"

"அவங்க பக்கம்."

"ஒன்ன இங்க வரவச்சது நான்."

"அதனாலதான் சார் வந்ததுலேர்ந்து ஒங்க ரெண்டு மெஷின் கதைய நாலு தபா கேட்டுகிறேன்." பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்: "இங்க கேட்டது இங்கயே இருக்கணும். அஃப்ஷாகிட்ட போய் ஒரு வார்த்த பேசினீங்கன்னா நான் வெள்ளிக்கிழம வர மாட்டேன்."

தன் நோட்டில் அவர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். 'ஒருவர். ஒரு மணி நேரம்.' அவ்வளவுதான். புதன், வியாழன் இரண்டு நாளும் நான் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. நவநீதன் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "பெரியப்பா, ஒடம்பு சரியில்லயா? டாக்டர்கிட்ட போலாமா?" என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் மனோரமா ஆபீஸுக்குள் வந்தாள். நீலக் கோட்டைத் துவைத்து மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"மொதலாளி, நான் என் மெஷினுக்கே போறேன். புதுசா வர்ற பொண்ணுங்கள என் பக்கத்துல ஒக்கார வையுங்க, நான் தயார் பண்ணித் தர்றேன். லேட்டு நோட்ட நவநீதன் சாரு வச்சுக்கட்டும். இது ஆவும்னா இருக்கறேன். ஆவாதுன்னா இன்னியோட சரி."

என் ஐந்து யோசனையில் இது இல்லை. இதைவிட நல்லதா என்றால், அதையும் சொல்ல மாட்டேன். பேசலாம் என்று வாயைத் திறந்தவன், "இன்னும் இன்னா?" என்று மட்டும் கேட்டேன்.

"இன்னும் ஒண்ணு. ஞாயித்துக்கிழம எங்க வூட்டுக்கு வந்து, எறக்கல, இவளாத்தான் கேட்டு வாங்கினான்னு என் மாமியாகிட்ட நீங்களே சொல்லணும். நீங்க பேசினா யாரும் எதுத்துப் பேச மாட்டாங்க."

அது உண்மை. ஒப்புக்கொண்டேன். லெட்டரை அவளே எடுத்து நாலாகக் கிழித்தாள்.

ஹாலில் ஷர்மிளாவைப் பார்த்து, "பாத்தியாம்மா, நிறுத்திட்டோம்" என்றேன். "அவங்க நின்னாங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் நூல் மேஜைக்குப் போய்விட்டார். அங்கே ஏற்கெனவே ஒருத்தி பீஸ் கட்டோடு காத்துக்கொண்டிருந்தாள். யார் என்று நான் பார்க்கவில்லை.

மத்தியானம் மனோரமா பச்சை ஏப்ரனோடு டப்பாவை எடுத்துக்கொண்டு தன் வட்டத்துக்குப் போனாள். பழக்கதோஷம், அஃப்ஷா பாதி எழுந்தாள். மனோரமா அவள் தோளைப் பிடித்து அமுக்கினாள்.

"ஒக்காருடி. இன்னொரு தபா நின்னீன்னா கால ஒடச்சிடுவேன்."

எதிரே இருந்த நிஷாவுக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னாக்கா, டிமோஷனா?"

"இல்லடி, டிரான்ஸ்ஃபர்," என்றாள் மனோரமா. "ஒன் பேச்சக் கேக்க ஆளில்லன்னு கேட்டு வாங்கினு வந்தேன்."

அஃப்ஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனோரமாவின் டப்பாவை இழுத்துத் திறந்து, மோந்து பார்த்தாள்.

"மூணு மாசமா இந்தக் கத்திரிக்கா கொழம்பத்தான் தனியா தின்னியா? ஒனக்கு நல்லா வேணும்."